கண்ணுக்குத் தெரியாத கலங்கரை விளக்கம்

கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமீது ஒரு சனிக்கிழமை இரவு இரண்டு சிறு மின்சுற்றுகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்று அனுப்புவது, மற்றொன்று வாங்குவது. இடையே இரண்டடித் தொலைவு. கம்பி கிடையாது. பதினோராம் வகுப்பில் படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காகத் தொடங்கிய வேலை அது. தமிழ் இலக்கியம் படித்து அதையே கல்லூரியில் கற்பித்துக்கொண்டிருக்கும் நான், கம்பியின் மேலுறையை உரித்துக் கொடுக்கவும் விழுந்த திருகாணியைத் தேடி எடுக்கவும் மட்டுமே பயன்படும் உதவியாளன்.

அனுப்பும் சுற்றுக்குப் பேட்டரியை இணைத்ததும், வாங்கும் சுற்றில் இருந்த சிவப்பு விளக்கு எரிந்தது. மகிழ்ச்சியில் வீட்டாரைக் கூவி அழைத்தோம். அவர்கள் அடுக்களையிலிருந்து வந்து சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி மீண்டும் மாட்டினோம். மறுபடி ஒரு கணம் எரிந்து அணைந்தது. இணைப்புகளைச் சரிபார்த்தோம், புதிய பேட்டரி வாங்கி வந்தோம். பயனில்லை.

மகள் தன் செல்பேசியின் கேமராவை அனுப்பும் சுற்றுக்கு நேராகப் பிடித்தாள். வெறுங்கண்ணுக்கு இருண்டிருந்த அந்தக் குமிழ் கேமராவின் திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் ஒளிர்ந்தது. ஆக, அனுப்புவது அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. பிறகு டிவி ரிமோட்டை எடுத்து வாங்கும் சுற்றின் முன் நீட்டி அழுத்தினாள். சிவப்பு விளக்கு படபடவென்று துடித்தது. ஆக, வாங்குவதும் நன்றாகவே வாங்குகிறது. இரண்டும் நல்ல நிலையில் இருந்தும் ஒன்றின் பேச்சு மற்றதற்குக் கேட்கவில்லை. திங்கட்கிழமை காலையில் கண்காட்சி. "அப்பா, ரெண்டும் சரியாத்தானே இருக்கு, அப்புறம் என்ன?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பதில் மறுநாள் கிடைத்தது. ஆனால் அது எங்கள் மேசையில் தொடங்கியதல்ல. ஒளியைக் கொண்டு பேச முயன்ற மனிதர்கள் நெடுங்காலமாகத் தட்டுத்தடுமாறிக் கற்ற ஒரு பாடத்தையே நாங்கள் அன்றிரவு முதலிலிருந்து கற்றுக்கொண்டிருந்தோம். அந்தப் பாடத்தின் வரலாற்றை என்னால் இயன்றவரை இங்கே சொல்லிப்பார்க்கிறேன்.

*

தமிழாசிரியன் என்பதால் எனக்கு வாகான இடத்திலிருந்து தொடங்குகிறேன். பத்துப்பாட்டுள் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார், தொண்டைமான் இளந்திரையன்மீது பாடினார். காஞ்சியை நோக்கிப் பாணனை வழிப்படுத்தும் அந்தப் பாட்டில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகம் வருகிறது. அங்கே உயர்ந்த மாடம் ஒன்று நிற்கிறது. ஏணி சாத்தி ஏறும் அளவுக்கு உயரம். இரவில் அதன் உச்சியில் தீ மூட்டுகிறார்கள். நடுக்கடலில் ஓடும் கலங்கள் அந்தச் சுடரைக் கண்டு துறைக்கு வருகின்றன. இந்த நீர்ப்பெயற்று இன்றைய மாமல்லபுரமாக இருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அதை ஏற்காதவர்களும் உண்டு.

எனக்கு இங்கே முக்கியமாகப் படுவது ஒரு சொல். சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கலங்கரை விளக்கம் என்ற தொடரே வருகிறது. கரை என்றவுடன் நமக்குக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கே கரைதல் என்பது அழைத்தல். காகம் கரைகிறது என்கிறோமே, அந்தக் கரைதல். கலங்களைக் கரைந்து அழைக்கும் விளக்கம் என்பதே பொருள். விளக்கைப் பார்ப்பதற்கான பொருளாக நினைக்காமல், குரல் உடையதாக, கூப்பிடுவதாக நினைத்த சொல் அது. ஒளியால் செய்தி சொல்ல முடியும் என்ற எண்ணம் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

எங்கள் ஊரிலிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகலாம். அங்கே மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில், பல்லவர் காலத்து ஒலக்கண்ணேசுவரர் கோயில் நிற்கிறது. 1887இல் அந்தக் கோயிலின் கூரைமீது விளக்கு வைத்துக் கப்பல்களுக்கு வழிகாட்டினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பக்கத்திலேயே கல்லால் எழுப்பிய இன்றைய கோபுரம் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டது. சுற்றுலா வருபவர்கள் அந்தக் கோபுரத்தின்மீது ஏறிக் கடலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மாலை மங்கிய பிறகும் சற்று நேரம் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். அந்த விளக்கு நின்று எரிவதில்லை. எரிந்து, மறைந்து, மீண்டும் எரிகிறது.

நீர்ப்பெயற்றின் தீ நின்று எரிந்தது. சங்ககாலக் கடற்கரையில் அது போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் கரையோரம் ஊர்கள் பெருகி, ஊர்தோறும் விளக்குகள் பெருகியபோது, நின்றெரியும் ஒளி எதுவும் தன்னைத் தனித்து அடையாளம் காட்ட முடியாமல் போயிற்று. மீனவர் படகின் விளக்கு எது, கோயில் விளக்கு எது, துறைமுக விளக்கு எது? ஆகவே கலங்கரை விளக்கங்களைச் சிமிட்ட வைத்தார்கள். எத்தனை நொடிக்கு ஒருமுறை, எத்தனை சிமிட்டல் என்பது ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக வகுக்கப்பட்டது. மாலுமி நொடிகளை எண்ணிப்பார்த்தே எந்தக் கரையருகே இருக்கிறோம் என்று அறிகிறார். விளக்கின் பெயர் அதன் ஒளியில் இல்லை, இருள் வரும் இடைவெளியில் இருக்கிறது.

*

இதே வேறுபாட்டை நிலத்திலும் காணலாம். கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் எழும்பூர் போகும்போது பரங்கிமலையைக் கடக்கிறோம். 1802இல் வில்லியம் லாம்டன் தம் நில அளவைக்கான அடிக்கோட்டை அந்த மலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே அளந்தார். ஏறத்தாழ ஏழரை மைல் நீளம். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் முக்கோண அளவை அங்கிருந்து வளர்ந்தது. தொலைவிலுள்ள ஒரு குன்றை இன்னொரு குன்றிலிருந்து துல்லியமாகக் குறிபார்க்க அளவையாளர்களுக்கு ஓர் அடையாள ஒளி தேவைப்பட்டது. 1821இல் கணிதமேதை காஸ் ஜெர்மனியில் உருவாக்கிய கண்ணாடிக் கருவி அதற்கு உதவியது. ஹீலியோட்ரோப் என்பது அதன் பெயர். சூரிய ஒளியைத் தொலைவிலுள்ள நோக்கரின் கண்ணை நோக்கித் திருப்பிவிடுவதே அதன் வேலை. லாம்டனுக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830களில் அதை இந்தியாவில் பயன்படுத்தினார்.

அந்தக் கண்ணாடியின் ஒளி ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: நான் இங்கே இருக்கிறேன். அளவைக்கு அது போதும். 1869இல் கராச்சியில், பாரசீக வளைகுடாத் தந்தித் துறையில் பணிபுரிந்த ஹென்றி மான்ஸ், ஏறக்குறைய அதே கண்ணாடியுடன் ஒரு விசையைச் சேர்த்தார். விசையை அழுத்தினால் கண்ணாடி சற்றே சாயும். தொலைவில் இருப்பவருக்கு ஒளி தோன்றும், விட்டால் மறையும். நெடிய ஒளி, குறுகிய ஒளி என்று மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அதைக்கொண்டு வாக்கியங்களையே அனுப்ப முடிந்தது. இக்கருவிக்கு ஹீலியோகிராஃப் என்று பெயர். இரண்டாம் ஆப்கன் போரில், 1878 முதல் 1880 வரை, பிரிட்டிஷ் படைகள் மலைமுகடுகளுக்கிடையே இதைக்கொண்டு செய்தி பரிமாறிக்கொண்டன. இரண்டு கருவிகளிலும் அதே சூரியன், அதே கண்ணாடி. மான்ஸ் கூடுதலாகச் சேர்த்தது ஒளியைத் தடுக்கும் வசதியை மட்டுமே.

*

இதுவரை பேசியது கண்ணுக்குத் தெரியும் ஒளி. எங்கள் மேசைமீது இருந்ததோ தெரியாத ஒளி. அதன் கதைக்கு இன்னும் சற்றுப் பின்னே போக வேண்டும்.

1800ஆம் ஆண்டு. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த வில்லியம் ஹெர்ஷல், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி நிறமாலையாகப் பிரித்தார். எந்த நிறத்தில் வெப்பம் மிகுதி என்பதை அறிய ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச்செல்ல வெப்பம் ஏறிக்கொண்டே போயிற்று. சிவப்பைத் தாண்டி, ஒளியே இல்லாத இடத்தில் வைத்த வெப்பமானியோ எல்லாவற்றையும்விட அதிகம் காட்டியது. அங்கே ஏதோ விழுந்துகொண்டிருந்தது, ஆனால் அதைக் காண நமக்குக் கண் இல்லை. மனிதன் கண்டறிந்த முதல் கட்புலனாகா ஒளி அது.

தமிழில் இதற்கு அகச்சிவப்பு என்று பெயரிட்டிருக்கிறோம். மறுகோடியில் இருப்பது புறஊதா. மேலைமொழிகளில் இவற்றின் பெயர்கள் கீழ், அப்பால் என்ற பொருள்தரும் லத்தீன் முன்னொட்டுகளால் ஆனவை. அதைப் பின்பற்றிக் கீழ்ச்சிவப்பு என்று எழுதுவோரும் உண்டு, அறிவியல் நோக்கில் அதுவே பொருத்தமும்கூட. ஏனெனில் இக்கதிர் சிவப்புக்கு உள்ளே இருப்பதன்று, அதிர்வெண்ணில் சிவப்புக்குக் கீழே இருப்பது. ஆயினும் நம் கலைச்சொல்லாக்கத்தில் நிலைத்தது அகமும் புறமும்தான். ஒரு மொழியின் மிகப் பழைய இலக்கணப் பாகுபாடு அதன் இயற்பியல் பாடநூலிலும் வந்து உட்கார்ந்துகொண்டது எனக்கு வியப்பாக இல்லை. அகத்திணையில் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது மரபு. அகச்சிவப்பும் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை, வெப்பமானியின் ஏற்றத்தில் குறிப்பாகவே உணரப்படுகிறது.

*

காணமுடியாத ஒளியைக் காண ஒரு கண் வேண்டும். வெப்பமானி மெதுவான கண். பாதரசம் ஏறி இறங்குவதற்குள் எத்தனையோ சொற்களைப் பேசிவிடலாம். விரைவான கண் கிடைக்க முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1873இல் வில்லோபி ஸ்மித் என்ற தந்திப் பொறியாளர், செலினியம் என்னும் தனிமத்தின் மின்தடை வெளிச்சம் பட்டால் குறைகிறது என்று அறிவித்தார். கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதிக்கும் வேலையில் கிடைத்த உபரிக் கண்டுபிடிப்பு அது.

ஏழாண்டுகள் கழித்து, 1880இல், அலெக்சாண்டர் கிரஹாம் பெல் அந்தச் செலினியத்தைக் கையில் எடுத்தார். பேசும் குரலின் அதிர்வால் ஒரு மெல்லிய கண்ணாடி நடுங்கும். அதில் பட்டுத் திரும்பும் சூரியஒளியும் குரலுக்கேற்ப மிகும், குறையும். மறுமுனையில் செலினியம் அந்த ஏற்றஇறக்கத்தை மின்னோட்டமாக்க, அதைத் தொலைபேசியின் செவிக்குழல் மீண்டும் குரலாக்கும். பெல்லும் அவருடைய உதவியாளர் சார்ல்ஸ் சம்னர் டெய்ன்ட்டரும் வாஷிங்டனில் இரு கட்டடங்களுக்கிடையே ஏறத்தாழ 213 மீட்டர் தொலைவுக்கு இவ்வாறு பேசிக்காட்டினர். ஒளிபேசி என்று அதைச் சொல்லலாம். தொலைபேசியைவிட இதையே தம் பெரிய கண்டுபிடிப்பாகப் பெல் கருதினார். ஆனால் மேகம் மறைத்தால் பேச்சு நின்றுவிடும். உலகம் கம்பியோடு போய்விட்டது.

அடுத்த கண் கல்கத்தாவில் திறந்தது. மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ், ரேடியோ அலைகளுக்கும் அகச்சிவப்புக்கும் நடுவிலுள்ள மில்லிமீட்டர் அலைகளை ஆராய்ந்தவர். அவற்றை அவர் கண்ணுக்குத் தெரியாத ஒளி என்றே அழைத்தார். 1921இல் வெளிவந்த அவருடைய 'அவ்யக்த' என்ற வங்காளக் கட்டுரைத் தொகுப்பில் அந்தத் தலைப்பிலேயே ஒரு கட்டுரை இருக்கிறது. உலகின் முன்னணி ஆய்வாளர் ஒருவர் தம் ஆய்வைத் தம் தாய்மொழியில் தம் மக்களுக்குச் சொல்ல உட்கார்ந்த தருணம் அது என்பதால் அந்தத் தலைப்பு எனக்கு உவப்பானது.

இந்த அலைகளை உணர அவர் கலீனா என்னும் ஈயத்தாதுக் கல்லின்மீது உலோகமுனை ஒன்றை மென்மையாகத் தொடவைத்தார். அந்தத் தொடுபுள்ளி மின்அலைகளை மட்டுமல்லாமல் வெளிச்சத்தையும் உணர்ந்தது. காப்புரிமை பெறுவதில் நாட்டமில்லாத போஸை நண்பர்கள் வற்புறுத்த, 1901இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1904 மார்ச் 29இல் காப்புரிமை கிடைத்தது. அதில் பாதி உரிமை அவருக்கு ஆதரவாக நின்ற சாரா சாப்மன் புல் அம்மையாரின் பெயரில் எழுதப்பட்டது. குறைக்கடத்தி ஒன்றை உணரியாகப் பயன்படுத்துவதற்கான தொடக்ககாலக் காப்புரிமைகளுள் முதன்மையானது இது. கலீனா என்பது ஈய சல்பைடு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அகச்சிவப்பை உணரும் கருவிகள் செய்யப்பட்டபோது அதே ஈய சல்பைடுதான் பயன்பட்டது. எங்கள் மேசையில் இருந்த சிலிக்கன் உணரி அந்தக் கல்லுக்கு உறவுமுறையில் பேரப்பிள்ளை.

*

கண் கிடைத்தது. சூரியனை நம்பியிராத விளக்கு ஒன்று வேண்டியிருந்தது. 1961இல் அமெரிக்காவின் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பியார்ட், கேரி பிட்மன் என்ற இருவர், காலியம் ஆர்சனைடு படிகம் ஒன்று மின்சாரம் பாயும்போது அகச்சிவப்பைக் கொட்டுவதைக் கண்டார்கள். அடுத்த ஆண்டே அது எல்இடியாக விற்பனைக்கு வந்தது, விலை 130 டாலர். நாம் கண்ணால் காணும் சிவப்பு எல்இடியை நிக் ஹோலொன்யாக் 1962இல்தான் செய்தார். ஆக, எல்இடி வரிசையில் விற்பனைக்கு வந்த முதல் பிள்ளை கண்ணுக்குத் தெரியாத பிள்ளை. அதன் சிறப்பு விரைவு. சாதாரண மின்குமிழின் இழை சூடாகி ஆறுவதற்கு நேரம் பிடிக்கும். இந்தப் படிகமோ நொடிக்குப் பல இலட்சம் முறை எரிந்து அணையக்கூடியது.

இனி வீட்டுக்குள் வரலாம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே பெட்டிகள் செய்யப்பட்ட காலம். ஒலியைக் கூட்ட எழுந்துபோய்க் குமிழைத் திருக வேண்டும், அந்த வேலை பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டிக்கு விழும். அமெரிக்காவிலோ 1955இலேயே ஜெனித் நிறுவனத்தின் யூஜின் பாலி, கம்பியில்லாத் தொலைஇயக்கி ஒன்றைச் செய்துவிட்டார். துப்பாக்கி வடிவில் ஒரு டார்ச் விளக்கு. பெட்டியின் நான்கு மூலைகளிலும் ஒளியை உணரும் நான்கு கண்கள். எந்த மூலையில் வெளிச்சம் அடிக்கிறோமோ அந்த வேலை நடக்கும்.

அதில் ஒரே ஒரு குறை. மாலைவெயில் சன்னல் வழியே பெட்டியின்மீது விழுந்தால், அதுவாகவே அலைவரிசை மாறும். டார்ச்சின் ஒளியும் சூரியனின் ஒளியும் அந்தக் கண்களுக்கு ஒன்றே. மறு ஆண்டு ராபர்ட் ஆட்லர் ஒளியையே கைவிட்டு, மனிதச் செவிக்குக் கேட்காத மீயொலியைக்கொண்டு இயங்கும் இயக்கியைச் செய்தார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு அதுவே கோலோச்சியது. அகச்சிவப்பு எல்இடி மலிவான பிறகு ஒளி மீண்டும் வந்தது. வரும்போது கலங்கரை விளக்கத்தின் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தது. சூரியன் நின்று எரியும். ஆகவே நான் சிமிட்டுவேன்.

*

எங்கள் மேசைக்குத் திரும்புகிறேன். அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போனால் இதற்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் ஒரே கடையில் கிடைக்கும். "ரிமோட் ரிப்பேரா சார்?" என்று கேட்டுக்கொண்டே கடைக்காரர் சிறு காகிதப் பொட்டலத்தில் மடித்துக் கொடுத்துவிடுவார்.

அனுப்பும் சுற்றின் இதயம் 555 என்னும் எட்டுக்கால் ஐசி. 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது, இன்றும் சலிக்காமல் விற்கிறது. அதன் வேலை ஒரு சீரான தாளம் போடுவது. இரு மின்தடைகளும் ஒரு மின்தேக்கியும் அந்தத் தாளத்தின் வேகத்தைத் தீர்மானிக்கும். 1.44ஐ, முதல் மின்தடையுடன் இரண்டாவதன் இருமடங்கைக் கூட்டி மின்தேக்கியால் பெருக்கிய தொகையால் வகுத்தால் வருவதே ஒரு நொடிக்கான துடிப்பு. முதல் மின்தடை 1 கிலோ ஓம், மின்தேக்கி 1 நானோ ஃபாரட் என்று கொண்டால், இரண்டாவது மின்தடை 18.4 கிலோ ஓம் அளவில் அமையும்போது நொடிக்கு 38,000 துடிப்புகள் கிடைக்கும். அந்த அளவில் மின்தடை கடையில் கிடைக்காது. ஆகவே 15 கிலோ ஓம் மின்தடையுடன் 10 கிலோ ஓம் பிரிசெட் ஒன்றைத் தொடராக இணைத்துத் திருகித்திருகிச் சரியான புள்ளியைப் பிடிக்க வேண்டும். வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்ற வேலை. ஐசியின் மூன்றாம் காலிலிருந்து 220 ஓம் வழியாக அகச்சிவப்பு எல்இடி. 9 வோல்ட் பேட்டரி. சுற்று முடிந்தது.

வாங்கும் சுற்றில் டிஎஸ்ஓபி 1738 என்ற மூன்றுகால் உணரி. கறுத்த சிறு பட்டாணி அளவு. 38 என்பது அதன் பெயரிலேயே இருக்கிறது. நொடிக்கு 38,000 முறை துடிக்கும் அகச்சிவப்புக்கு மட்டும் அது செவிசாய்க்கும். சூரியன், மின்குமிழ், மெழுகுவத்தி, நம் உடம்பின் வெப்பம் என எங்கும் அகச்சிவப்பு கொட்டிக்கிடக்கிறது. அந்த வெள்ளத்தில் தன் துளியைப் பிரித்தறிய அது துடிப்பை எண்ணுகிறது. இதற்கு 5 வோல்ட் மின்சாரம் வேண்டும். இன்னொரு 9 வோல்ட் பேட்டரியும் 7805 என்ற மூன்றுகால் ஐசியும் அதைத் தரும். இன்னொரு விந்தை, ஒளி வராதபோது உணரியின் வெளியீட்டுக் கால் உயர்மின்னழுத்தத்தில் இருக்கும், செய்தி வந்தால் தாழும். ஆகவே பிஎன்பி வகை டிரான்சிஸ்டர் ஒன்றை, பிசி 557, அதன் எமிட்டர் 5 வோல்ட்டைத் தொட, பேஸ் 10 கிலோ ஓம் வழியாக உணரியின் வெளியீட்டைத் தொட, கலெக்டரிலிருந்து 330 ஓம் வழியாகச் சிவப்பு எல்இடி தரையிணைப்புக்குப் போகுமாறு அமைக்க வேண்டும். உணரி தலைகுனியும்போது விளக்கு எரியும்.

எல்லாம் இப்படியே செய்திருந்தோம். பின்னும் ஏன் அணைந்தது? ஞாயிற்றுக்கிழமை மாலையில் மகள் உணரியின் விவரத்தாளைத் தரவிறக்கி, அதுவரை நாங்கள் புரட்டாத பக்கத்தை வாசித்தாள். உணரி புறக்கணிக்கும் இரைச்சல்களின் பட்டியல் அங்கே இருந்தது. சூரியஒளி, மின்குமிழ், குழல்விளக்கு. கூடவே, இடைவிடாமல் வரும் 38 கிலோ ஹெர்ட்ஸ் குறிப்பும்.

தன் சொந்தத் தாளத்தையே அது இரைச்சல் என்று தள்ளிவிடுகிறது, அது நில்லாமல் ஒலித்தால். தொடக்கத்தில் கேட்கும். சிறிது நேரம் கழித்தும் நிற்கவில்லையெனில் இது யாரோ சொல்லும் செய்தியல்ல, சுற்றுப்புறத்தின் ஓசை என்று முடிவுசெய்து தன் செவியை மங்கவைத்துக்கொள்ளும். அதற்குச் செய்தி என்பது சிறுசிறு துடிப்புக்கொத்துகள், கொத்துகளுக்கிடையே மௌனம். டிவி ரிமோட் அவ்வாறுதான் பேசுகிறது. பரவலான ஒரு முறையில் முதலில் 9 மில்லி நொடி நீளும் ஓர் அழைப்பு, பிறகு 4.5 மில்லி நொடி அமைதி, அதன்பின்னரே சொல். அந்த அழைப்பைத்தான் நம் முன்னோர் கரைதல் என்றனர். சொல்லின் பொருளும்கூட எவ்வளவு நேரம் ஒளிர்ந்தது என்பதில் இல்லை. ஒன்றா, சுழியா என்பதை அடுத்து வரும் இருளின் நீளமே தீர்மானிக்கிறது.

இதை வாசித்தபோது எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது. இருபதாண்டுகளாக, மணியடித்தது முதல் மறுமணி வரை நிறுத்தாமல் பேசுவதையே நல்ல ஆசிரியரின் இலக்கணம் என்று எண்ணி வந்தவன் நான். பின்வரிசை மாணவர்களின் முகம் பத்தாம் நிமிடத்தில் மங்குவதைக் கண்டு அவர்களைக் குறைசொன்னதும் உண்டு. அவர்களிடம் பழுது இல்லை. என்னிடமும் சொல்வதற்கு விஷயம் இல்லாமல் இல்லை. ரெண்டும் சரியாத்தானே இருக்கு என்று மகள் கேட்டது வெறும் மின்சுற்றைப் பற்றிய கேள்வியாக எனக்கு அப்போது ஒலிக்கவில்லை.

திருத்தம் மிக எளிது. பேட்டரிக்கும் 555க்கும் இடையே ஓர் அழுத்துபொத்தானை வைத்தோம், அவ்வளவுதான். அழுத்தினால் துடிப்பு, விட்டால் அமைதி. மகள் மூன்று குறில், மூன்று நெடில், மூன்று குறில் என்று தட்டினாள். அறையின் மறுகோடியில் சிவப்பு விளக்கு பிசகாமல் அதையே திருப்பிச் சொன்னது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் கராச்சியில் மான்ஸ் தம் கண்ணாடியோடு சேர்த்த விசைதான் அந்தப் பொத்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அன்றிரவு சாப்பிடும்போது சொன்னேன்.

*

அகச்சிவப்பின் பேச்சு வரவேற்பறையோடு நிற்கவில்லை. பெல் மேகத்தால் இழந்ததைக் கண்ணாடி இழை மீட்டுக்கொடுத்தது. இழைகளின் கட்டு வழியே ஒளியை வளைத்து உருவங்களைக் கடத்துவது பற்றி லண்டனில் நரீந்தர் சிங் கபானியும் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் 1954இல் எழுதினார்கள். தூய்மையான கண்ணாடியாக இருந்தால் அதன்வழியே நெடுந்தொலைவுக்குச் செய்தி அனுப்பலாம் என்று 1966இல் காட்டிய சார்ல்ஸ் காவோ 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்த இழைகளில் நெடுந்தொலைவு ஓடுவது நாம் காணும் ஒளியன்று, அகச்சிவப்புதான். கண்ணாடியில் அதுவே மிகக் குறைவாக மங்குகிறது.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையையும் அந்தமானையும் இணைக்கும் கடலடி இழைவடம் திறந்துவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளம். மாமல்லபுரத்துக் கோபுரம் பார்த்துக்கொண்டிருக்கும் அதே வங்கக் கடலின் அடியில், ஒரு விளக்கு கணந்தோறும் எரிந்தணைந்து பேசிக்கொண்டிருக்கிறது. அன்று மாடத்தின் உச்சியில் ஏணி வைத்து ஏற்றியது இன்று கடலுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. கலங்களுக்குப் பதிலாகத் தீவுகளைக் கரைகிறது.

திங்கட்கிழமை கண்காட்சிக்கு நானும் போயிருந்தேன். ஏவுகணை மாதிரிகளுக்கும் எரிமலை மாதிரிகளுக்கும் நடுவே எங்கள் இரு சுற்றுகளும் சற்று எளிமையாகத்தான் தெரிந்தன. ஆறாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் வந்து பொத்தானை அழுத்தினான். எதிரே விளக்கு எரிந்தது. இரண்டுக்கும் நடுவே கையை வைத்து மறைத்து அழுத்தினான், எரியவில்லை. கையை எடுத்துவிட்டு வெற்றிடத்தையே உற்றுப்பார்த்தான்.

"லைட்டு எங்கக்கா இருக்கு?" என்றான்.

மகள் செல்பேசியின் கேமராவைத் திறந்து அவனிடம் கொடுத்தாள்.